பெரியவருக்கு இருட்டு வேண்டும்

அந்தக் கடைக்குள் நுழைகிற யாரும் முதலில் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். கூரையெங்கும் சரவிளக்குகள், சுவரெங்கும் குழல்விளக்குகள், நடுவில் மேசை விளக்குகள் வரிசையாகத் தலைகுனிந்து நிற்கும். பட்டப்பகலிலும் அத்தனையும் எரியும். அணைந்த விளக்கை எவன் வாங்குவான் என்பது முதலாளியின் கட்சி. அங்கே விற்பனைக்கு நின்றவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "வீடு சின்னதுன்னு கவலையே படாதீங்க சார், மூலையில ஒண்ணு மாட்டினா சுவரே தள்ளிப் போயிடும்" என்பான். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தேவைக்கு மேல் வாங்கிப் போவார்கள். எந்தத் துக்கமானாலும் நல்லதாக ஒரு விளக்கைப் போட்டால் பாதி குறைந்துவிடும் என்று அவன் நிஜமாகவே நம்பினான். நம்பாத சரக்கை விற்கிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது.

மாலையில் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே அவனுக்காக இருந்தது பெரியவர் மட்டும்தான்.

பெரியவர் மனிதர் அல்ல, ஓணான். வேலியில் ஓடுகிற ஓணான்களுக்குப் பாலைவனத்துப் பங்காளி. முழங்கை நீளம், மணல் நிறம், தாடைக்குக் கீழே முள்முள்ளாக ஒரு தாடி. கோபம் வந்தால் அந்தத் தாடி கன்னங்கரேலென்று கறுத்துப்போகும். அவன் மனைவி நர்ஸ். ஊரை விட்டுப் போன நோயாளி ஒருவர் அவளிடம் தள்ளிவிட்டுப் போன குட்டி அது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் வந்து, வந்த அன்றைக்கே தலையைத் தூக்கி வீட்டை ஒரு பார்வை பார்த்ததாம். "பெண் பார்க்க வந்த பெரியவர் மாதிரி உட்கார்ந்திருக்கார் பாருங்க" என்று அவள் சொன்னாள். அன்றிலிருந்து மரியாதை ஒட்டிக்கொண்டது. பெரியவர் சாப்பிட்டார், பெரியவர் குளித்தார், பெரியவருக்குக் கோபம். வீட்டுக்காரனுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அவள் இப்போது உலகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறாள். வேலை கிடைத்த செய்தி வந்த நாளில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, போகாதே என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. தடுத்தான் என்ற பேர் வந்துவிடக் கூடாது. விமான நிலைய வாசலில்கூட வாயெல்லாம் பல்லாக நின்று "தைரியமா போயிட்டு வா" என்றான். ஒப்பந்தம் முடிந்தபோது அங்கே இன்னொரு வருடம் இருக்கச் சொன்னார்கள். "என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றான். தான் பெருந்தன்மையாகச் சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டான். எதிர்முனையில் அவள் "என் இஷ்டமா?" என்று ஏன் திருப்பிக் கேட்டாள் என்று யோசிக்கவில்லை.

அவர்கள் பேசிக்கொள்ள ஒரு வேளைதான் வாய்த்தது. அவள் விடியுமுன் வேலைக்குப் போவாள். அது முடிந்ததும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு வீடு, அங்கே போனை எடுக்கக் கூடாது. அறைக்குத் திரும்பினால் படுக்கத்தான் நேரம். ஆக, மதியச் சாப்பாட்டு இடைவேளை. அவளுக்கு உச்சிப்பொழுதென்றால் அவனுக்கு நடுநிசி. அவன் அலாரம் வைத்து எழுந்து, முகம் கழுவி, தலைகூட வாரிக்கொண்டு காத்திருப்பான்.

போன் அடித்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "பெரியவர் என்ன பண்றார்? காட்டுங்க."

அவன் கூண்டு விளக்கைப் போடுவான். போனைத் திருப்பிப் பிடிப்பான். கண்ணாடிக்குப் பின்னால் கிளைமேல் படுத்திருக்கும் பெரியவர் அசைய மாட்டார், கண்ணையும் திறக்க மாட்டார். அவள் அங்கிருந்து கொஞ்சுவாள், திட்டுவாள், கதை சொல்வாள். இடைவேளை முடிந்து மணி அடிக்கும். தலைவாரிக்கொண்டு உட்கார்ந்தவனின் முகத்தை அவள் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. திரையில் அவள் கண்டதெல்லாம் ஓணானும் எப்போதாவது அவன் கட்டைவிரலும்தான். அதற்காக அவன் வருந்தினான். வருந்தியதை யாரிடமும் சொல்லவில்லை. ஓணானிடம் பொறாமை என்று எந்த வாயால் சொல்வது?

கோடை முடிகிற சமயத்தில் பெரியவரின் பின்னங்காலில் ஒரு கீறல் விழுந்தது. கிளையில் உரசியிருக்கும். சின்னக் கீறல், இரண்டு நாளில் ஆறிவிடும் என்று விட்டான். ஆறவில்லை, ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாகி, புண்ணாயிற்று. அதன் பிறகு அவள் கொஞ்சுவதை நிறுத்திவிட்டு முழு நர்ஸ் ஆகிவிட்டாள். "இன்னும் கிட்டக் கொண்டு வாங்க. விளக்கைச் சாய்ச்சுப் பிடிங்க. சீழ் இருக்கா? மருந்தை இப்ப என் எதிர்லயே போடுங்க." கடையிலிருந்து அவன் கொண்டுவந்த விளக்குகளிலேயே பிரகாசமானதை அவளுக்காக மாட்டியிருந்தான். ஒவ்வொரு நடுநிசியும் புண்ணைப் பார்த்தார்கள். எத்தனை பார்த்தும் அது ஆறுவதாக இல்லை.

ஊரில் ஓணானுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவர்தான். நாய் பூனைகளுக்கு நடுவில் பெரியவரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவன் மூன்றாம் முறையாகப் போய் உட்கார்ந்தான். அந்த அம்மாள் புண்ணை அழுத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"மருந்து மாத்தியாச்சு, ஊசி போட்டாச்சு. கூண்டுச் சூடு சரியா இருக்கா?"

"டிகிரி சுத்தமா இருக்கு டாக்டர்."

"விளக்கு?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவன் பிறவி எடுத்திருந்தான். "வெயிலுக்குச் சமமான விளக்கு. காலையில தானா எரியும், பொழுது சாய்ஞ்சா தானா அணையும். டைமர் நானே மாட்டினது. நான் விளக்குக் கடைக்காரன் டாக்டர்."

"ராத்திரி பூரா இருட்டு?"

"பூரா இருட்டு." அவன் கொஞ்சம் இழுத்தான். "நடுவுல மட்டும் ஒரு அரை மணி நேரம்... என் மனைவிக்குக் காட்ட..."

"தினமுமா?"

"தினமும்தான்."

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். பெரியவரின் தலை உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே சற்றுப் பின்னால், வெளிறிய ஒரு செதிலை விரலால் தொட்டுக் காட்டினாள். "இது என்னன்னு தெரியுமா? இன்னொரு கண்ணு."

"மூணாவது கண்ணா? திறந்தா நான் பொசுங்கிடுவேனா?"

"நீங்க பொசுங்க மாட்டீங்க. உங்க வியாபாரம்தான் பொசுங்கும்." அவள் சிரிக்காமல் சொன்னாள். "இதால உருவம் பார்க்க முடியாது. வெளிச்சமா இருட்டான்னு மட்டும் தெரியும். இருட்டினா உள்ளே மெலடோனின்னு ஒண்ணு சுரக்கும். இப்ப ராத்திரின்னு உடம்பு பூரா சேதி சொல்றது அதுதான். தூங்க வைக்கிறதோட அது வேலை முடியலை. கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணுக்களும் அந்தச் சேதியைக் கேட்டுத்தான் நடக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் மாறுமாம், முழுசா யாருக்கும் தெரியலை. ஆனா நடுராத்திரியில பளிச்சுன்னு வெளிச்சம் பட்டா சுரக்கிறது அடங்கிடும். நீங்க தினமும் அவரோட ராத்திரியை நடுவுல உடைச்சிருக்கீங்க."

"அவர் கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருக்கார்?"

"மேல இருக்கிற கண்ணுக்கு இமை கிடையாதுங்க."

அவன் பெரியவரின் உச்சந்தலையை உள்ளங்கையால் மூடினான். டாக்டர் குரலைத் தணித்தாள். "இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மத்த எல்லாம் பார்த்தாச்சு. எலும்புக்குள்ள இறங்கிடுச்சுன்னா காலை எடுக்கணும். அதைத் தாங்குற தெம்பு இவருக்கு இருக்கான்னு தெரியலை. விளக்கை அணைங்க."

சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே? அவன் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கணக்கு ஓடியது. பெரியவரைக் காட்டாவிட்டால் அவள் எதற்காகக் கூப்பிடுவாள்? இவ்வளவு நாளும் அவர்களுக்குள் இருந்த பேச்செல்லாம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. அதன் விளக்கை அணைத்துவிட்டு, அவள் முன்னால் தன் மூஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார அவனுக்குப் பயமாக இருந்தது. "என்ன சமாச்சாரம்?" "ஒண்ணுமில்லை." "சரி, வைக்கட்டுமா?" அவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்தான்.

அதனால் தொழில் புத்தியைக் காட்டினான். கடையிலிருந்து மங்கலான சிவப்பு பல்பு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு சமரசம்.

"ஏன் இன்னிக்கு இப்படிச் செக்கச்செவேல்னு இருக்கார்?" என்று கேட்டாள் அவள். "புண்ணோட நிறமே தெரியலையே. நல்ல விளக்கைப் போடுங்க."

இன்று ஒரு நாள்தானே என்று நல்ல விளக்கைப் போட்டான். மறுநாளும் அதே இன்று ஒரு நாள்.

அதற்கடுத்த காலை பெரியவர் இரையைத் தொடவில்லை. கையில் எடுத்தபோது திமிறவில்லை. அவன் வேண்டுமென்றே வாலைத் தொட்டுச் சீண்டினான், கையை ஓங்கிக்கூடப் பார்த்தான். தாடி கறுக்கவே இல்லை. கோபப்படக்கூட அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அவன் கூண்டுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, தன்னை நன்றாகத் திட்டிக்கொண்டான்.

அன்று கடையில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ராத்திரி விளக்கு கேட்டார்கள். "எதுக்குங்க? அணைச்சுட்டுத் தூங்குங்க. குழந்தை வளரட்டும்" என்று அனுப்பிவிட்டான். கல்லாவில் இருந்த அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்னப்பா, கடைக்கே வேட்டு வைக்கிறே? முதலாளி காதுல விழுந்தா உன்னைத்தான் முதல்ல அணைப்பார்."

அவன் சிரிக்கவில்லை. அக்காவும் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை.

அன்றைய நடுநிசி போன் அடித்தபோது அவன் கூண்டைத் தாண்டிச் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டுத்தான் விளக்கைப் போட்டான்.

"காட்டுங்க" என்றாள்.

"இன்னிக்குக் காட்ட மாட்டேன். இனிமே ராத்திரியில காட்டவே மாட்டேன்." டாக்டர் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். சிவப்பு பல்பையும் ஒளிக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

அவள் திட்டவில்லை. "நான்தானே தினமும் பார்த்தேன்" என்றாள் மெல்ல. "தீவிர சிகிச்சை வார்டுல ராத்திரி விளக்கைக் குறைக்கச் சொல்லி நானே சண்டை போடுவேன். வீட்டுல இருக்கிற நோயாளிக்கு மட்டும் தோணலை பாருங்க."

பிறகு அவள் திரையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சமையலறை விளக்கின் கீழே அவன் முகம் அகப்பட்டுக்கொண்டது. கண்ணுக்குக் கீழே குழி, ஒட்டிய கன்னம், சவரம் செய்யாத தாடி.

"உங்களுக்கும் தாடி வந்துடுச்சு" என்றாள்.

"என்னோடது கறுக்காது. வெளுக்கத்தான் ஆரம்பிச்சிருக்கு."

அவள் சிரிக்க முயன்று முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஏன் உங்களைக் காட்டச் சொல்லலை தெரியுமா? உங்க முகத்தைப் பார்த்தா அன்னிக்கு என்னால வார்டுக்குத் திரும்பிப் போக முடியலை. முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு. அவரைப் பார்த்தா வீட்டைப் பார்த்த மாதிரி இருக்கும், அழுகையும் வராது. அதான் அவரையே..."

மணி அடித்தது. அவள் சொல்லவந்ததை முடிக்காமலே போய்விட்டாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வேலை அதிகம் என்று இரண்டு வார்த்தைச் செய்தி வந்தது. அவன் அலாரம் வைத்து எழுந்து, தலைவாரி, சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். பயந்தபடியே ஆகிவிட்டது என்று நினைத்தான். இத்தனை நாள் ஓணானிடம் பொறாமைப்பட்டவன், இப்போது தன் முகத்தையே வெறுத்தான். அவளை அழவைக்கிற முகத்தை வைத்துக்கொண்டு என்ன பயன்? அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. புண்ணைப் பற்றியாவது கேட்டால் போதும், சீழ் இருக்கா என்றாவது கேட்டால் போதும். ஒரு நாள் அலாரம் வைக்க மனமில்லாமல் படுத்தான். வெகுநாளைக்குப் பிறகு விடியும்வரை தூங்கினான்.

பெரியவரும் தூங்கினார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவுக்குத் துண்டு என்று அந்த அறையில் இருட்டு கனத்து நின்றது. மருந்து அதே மருந்துதான். சில வாரங்களில் புண்ணின் ஓரம் உலர்ந்து, உள்ளே சுருங்கி, மேலே மெல்லிய புதுத்தோல் ஏறியது. ஒரு நாள் விடிந்ததும் அவன் புண் ஆறிய காலைத் துடைக்கப்போனபோது பெரியவர் வாயைத் திறந்து சீறினார். தாடி மை பூசியதுபோல் கறுத்துவிட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்றான். இதைச் சொல்ல அவனுக்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவள் கூப்பிடவில்லை.

கடை விடுமுறை நாளொன்றில், உச்சிவெயில் ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான். இந்த நேரத்தில் அவளுக்கு அங்கே நடுநிசி. என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தான்.

திரையில் இருட்டு. இருட்டுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் போன் வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது. கழுத்துவரை போர்வை. உடன் தங்கியிருப்பவர்கள் விழித்துவிடக் கூடாதென்று கிசுகிசுத்தாள்.

"இப்ப அவருக்குப் பகல்தானே? இப்பக் காட்டலாம்தானே?"

அவன் பெரியவரைத் தூக்கி வெயிலில் வைத்துக் காலைக் காட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள். "ஆறிடுச்சு" என்றாள். நர்ஸின் குரலாக இல்லை. "சரி, போனைத் திருப்புங்க. உங்களைக் காட்டுங்க."

திருப்பினான்.

"கன்னம் கொஞ்சம் தேவலை. தூங்குறீங்களா?"

"நீ கூப்பிடலை. தூங்காம என்ன பண்றது?"

"அதுக்குத்தான் கூப்பிடலை. அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்த்தேனே! அவருக்கு மட்டும்தான் ராத்திரி வேணுமா? மாசக்கணக்கா நான்தான் உங்களை நடுராத்திரியில எழுப்பி உட்கார வெச்சிருக்கேன். சொன்னா கேட்க மாட்டீங்க, பரவாயில்லை பரவாயில்லைன்னுட்டு விழிச்சுக்கிட்டு இருப்பீங்க. இனிமே நான் முழிச்சுக்கறேன். உங்க கடை விடுமுறை நாள்ல இதே மாதிரி கூப்பிடறேன்."

தான் கைவிடப்பட்டதாக நினைத்துப் புழுங்கிய அத்தனை நாளும் அவள் அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருந்திருக்கிறாள். இப்போது அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே அவளுக்கும் அதே குழி. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து, விடியுமுன் எழ வேண்டியவள், நடுநிசியில் கண்ணை விரித்துக்கொண்டு கிடக்கிறாள். அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்த அந்த நீல வெளிச்சம் எங்கிருந்து போகிறது என்று அவனுக்கு உறைத்தது. அங்கே அவளுடைய இருட்டில் எரிந்துகொண்டிருந்தது அவன் முகம்தான்.

இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாமே என்று ஆசை பிடித்து இழுத்தது. ஒரு நாள்தானே, ஐந்து நிமிஷம்தானே. அந்தப் பேச்சு அவனுக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு.

"போனைக் கவிழ்த்து வை" என்றான்.

"ஏன்? எனக்குப் பார்க்கணும்."

"வெளிச்சம் வேண்டாம். கட் பண்ணாதே. தலகாணிக்குப் பக்கத்துல கவிழ்த்து மட்டும் வை. கண்ணை மூடிக்கோ. நான் இங்கேயேதான் இருக்கேன்."

அவள் முகம் சுருங்கியது, பிறகு தளர்ந்தது. திரை முழுக்கக் கறுப்பானது. துணி உரசும் சத்தம், ஒரு பெருமூச்சு, பிறகு சீராக மூச்சு வந்துபோகும் ஓசை. அவன் வெயில் விழுந்த தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக்கொண்டான். பெரியவர் அவன் முழங்காலில் ஏறி, புதுத்தோல் பூத்த காலை நீட்டிப் படுத்தார். வெளியே தெருவில் ஏதோ வண்டி போயிற்று. அவள் மூச்சு அவன் காதுக்குள் வந்துகொண்டே இருந்தது. இத்தனை கிட்டத்தில் அவள் இருந்து எவ்வளவு நாளாயிற்று!

தூங்கிவிட்டாள் என்று தோன்றியபோது, விமான நிலைய வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொன்னான். கறுத்த திரையைப் பார்த்து, முணுமுணுப்பாக, சொன்னான்.

"வந்துடு. நீ இல்லாம எனக்கு முடியலை."

மூச்சு நின்றது. தலையணைக்குப் பக்கத்திலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நாளா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தூங்கு" என்றான்.

"இந்த வருஷத்தோட சரி. இன்னொரு வருஷம் முடியாதுன்னு நாளைக்கே சொல்லிடறேன்."

"நாளைக்குச் சொல்லலாம். இப்பத் தூங்கு."

"வைக்காதீங்க."

"வைக்க மாட்டேன்" என்றான். வெயில் நகர்ந்து முழங்காலை விட்டு இறங்கும்வரை, கால் மரத்துப்போன பிறகும், அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.